புதிய தொட்டியில் மீன் விடுவது எப்போது?

வாசகர் கேள்வி – பதில்

வண்ண மீன் வளர்ப்பு குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவை. கேட்கும் விதம் வேறானாலும் அவை அனைத்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: தொட்டி வாங்கியாயிற்று, தண்ணீரும் நிரப்பியாயிற்று, மீன் விடலாமா, கூடாதா? ஆகவே இந்த இதழில் வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளாமல் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி வாங்கினோம். மேட்டூர்த் தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை ஒரு நாள் ஓடவிட்ட பிறகு ஆறு கப்பி மீன்களையும் இரண்டு தங்க மீன்களையும் விட்டோம். ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. தண்ணீரில் கலங்கலே இல்லை. தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தால் போதும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். குறை மீனிலா, தண்ணீரிலா? மறுபடியும் தொடங்குமுன் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மீனிலும் குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை. மீனின் கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உங்கள் தொட்டியில் குடியேறுவதற்கு முன்பே மீன்கள் குடியேறிவிட்டன.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் தண்ணீரில் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதுமானது. தண்ணீரை வாளிகளில் பிடித்து, ஏர் பம்பு ஓட ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் காற்றில் கலந்து போய்விடும். ஒரு நாளில் தீர்வது இந்த ஒரு தொல்லை மட்டும்தான்.

மற்றது மீனிடமிருந்தே தொடங்குகிறது. மீன் தின்னும் தீனியிலுள்ள புரதம் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜன், பெரும்பாலும் அம்மோனியாவாக, செவுள் வழியே இரவும் பகலும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனியும் அம்மோனியாவாகவே முடிகிறது. மூக்கனேரி போன்ற ஓர் ஏரியில் அது பெருந்தண்ணீரில் கரைந்து, சேற்றிலும் செடிகளிலும் வாழும் உயிர்களால் உடனுக்குடன் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் தொட்டியில் சரளைக்கல் போக ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர்தான் இருக்கிறது. அதற்குள் எட்டு மீன்களின் கழிவு போக்கிடமில்லாமல் நாளுக்கு நாள் சேர்ந்தது. அம்மோனியாவுக்கு நிறமில்லை, மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்கு அதன் வாடையும் எட்டாது. ஆகவே தண்ணீர் தெளிவாக இருந்தது என்பது அது நல்ல தண்ணீர் என்பதற்குச் சான்றாகாது.

அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் ஓரளவு வரை தீங்கற்றது; தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றி அதைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சு, சரளை, கண்ணாடி ஆகியவற்றின் மேல் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை. பால் திரியச் செய்யும் உயிர்கள் அரை மணிக்குள் இரட்டிக்கக்கூடியவை என்றால், இவை இரட்டிப்பதற்கு நல்ல சூழலிலும் அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதிய தொட்டியில் மீன் விடுமுன் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இந்த மெதுவான பெருக்கம்தான். மீன் வளர்ப்பவர்கள் ‘சைக்கிளிங்’ என்று சொல்வது, இந்த இரு வகைப் பாக்டீரியாக்களையும் போதிய அளவுக்கு வளர்த்தெடுக்கும் வேலையே.

இந்தக் காத்திருப்பைத் தற்செயலாக முதலில் கண்டவர்கள் பிரான்சின் வேதியியலாளர்களான ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் ஆவர். 1877இல் அவர்கள் மணல் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல வடியவிட்டார்கள். ஏறத்தாழ 20 நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் அது மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. மாற்றம் வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. சிறிது மண் கரைசலைச் சேர்த்ததும் மீண்டும் நடந்தது. உயிருள்ள ஒன்றுதான் இதைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு பாக்டீரியா என்று 1998இல் தெரியவந்தது. அம்மோனியாவை நைட்ரேட் வரை தனியொருவராகவே கொண்டுசெல்லும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்று 2015இல் கண்டார்கள். அவற்றில் ஒன்று கிடைத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்துதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மீன் இல்லாமலே அம்மோனியாவைக் கொடுத்து இந்த உயிர்களை வளர்க்கலாம். எந்த உயிரையும் வதைக்காத இந்த வழியையே நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். தொட்டியைக் கழுவி, குளோரின் நீங்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரையும் ஏர் பம்பையும் இரவு பகலாக ஓடவிடுங்கள். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் தூய அம்மோனியம் குளோரைடு கிடைக்கும். ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரமும் இதே பொருள்தான் என்றாலும், கட்டியாக விற்பதில் வேறு உலோக உப்புகள் கலந்திருக்கலாம்; அதை வாங்காதீர்கள். 10 கிராம் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தக் கரைசலில் 30 மில்லி எடுத்து 50 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம், அதாவது 2 பி.பி.எம். ஆகும். வேகம் கூட்ட நினைத்து 5 பி.பி.எம்.முக்கு மேல் போகாதீர்கள். மிகுந்த அம்மோனியா அந்தப் பாக்டீரியாக்களையே தடுக்கும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதன் அளவு; 7க்குக் கீழே போனால் புளிப்பு) ஆகிய நான்கையும் அளக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று அவசியம் வாங்குங்கள். தொட்டிக்கும் மீனுக்கும் செலவழிப்பவர்கள் இதில்தான் மிச்சம்பிடிக்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதலில் பல நாள் எதுவும் மாறாது. பிறகு அம்மோனியா குறையத் தொடங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா தீர்ந்தபோதெல்லாம் முன்போல 2 பி.பி.எம். அளவுக்குக் கரைசலை ஊற்றுங்கள். நைட்ரைட் ஏறிக்கொண்டே போகும் இந்தக் கட்டம்தான் நீளமானது. பலர் பொறுமையிழப்பதும் இங்கேதான். சோதனைப் பெட்டியின் உச்ச நிறத்தையும் தாண்டிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத் தொடருங்கள். பின்னர் ஒரு நாள் நைட்ரைட் சட்டென்று விழும். 2 பி.பி.எம். அம்மோனியா ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை, நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கிறது என்று சோதனை சொன்னால் தொட்டி தயார். அடுத்த நாளும் அதே முடிவு வருகிறதா என்று பார்த்து, முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்து, மறுநாள் மீன் விடலாம்.

இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நோயில்லாத, பல மாதமாக மீன் வாழும் தொட்டி உங்கள் உறவினர் வீட்டில் இருந்தால், அவர்களின் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் மண் கரைசல் சேர்த்தது போன்ற காரியம்தான் இது. காத்திருப்பு பாதிக்கும் கீழே குறைவது உண்டு. எத்தனை நாள் ஆயிற்று என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அளவு சொல்வதே முடிவு. அது ஏன் என்பதை அடுத்து வரும் ஏற்காட்டுக் கடிதம் காட்டும்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, கார்த்திகையில் தொட்டி வைத்தோம். சேலத்தில் என் அக்கா வீட்டில் அதே அளவுத் தொட்டி ஐந்து வாரத்தில் தயாராகிவிட்டது. இங்கே இரண்டு மாதம் தாண்டியும் அம்மோனியா அப்படியே நிற்கிறது. முதலில் 7 ஆக இருந்த பி.எச். இப்போது 6க்கும் கீழே காட்டுகிறது. காரத்தன்மைச் சோதனையில் ஒரே சொட்டில் நிறம் மாறிவிடுகிறது. எங்கே பிழை?
— வாசகர், ஏற்காடு

பதில்: பிழை உங்களிடம் இல்லை, மலையின் குளிரும் மலைத் தண்ணீரின் மென்மையும் சேர்ந்து உங்கள் தொட்டியை நிறுத்திவைத்திருக்கின்றன. நீங்கள் பி.எச்., காரத்தன்மை இரண்டையும் அளந்து எழுதியதால்தான் இதைக் கடிதத்திலேயே கண்டுகொள்ள முடிந்தது.

முதலில் குளிர். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. இந்தப் பாக்டீரியாக்களுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமே உகந்தது. சேலத்தில் ஆண்டின் பெரும்பகுதி தொட்டித் தண்ணீர் தானாகவே அந்த வெப்பத்தில் இருக்கும். கார்த்திகை மார்கழியில் ஏற்காட்டில் தண்ணீர் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். அந்த மாதங்களில் இட்லி மாவு புளிக்க உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் கூடுதலாக ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். ஃபில்டரில் வளரும் உயிர்களுக்கும் குளிர் அதே தாமதத்தைத்தான் செய்கிறது. தொட்டிக்கு ஏற்ற ஒரு ஹீட்டரை வாங்கி 26 அல்லது 27 டிகிரியில் வையுங்கள். கப்பி, மோலி, ஏஞ்சல் போன்ற வெப்பநாட்டு மீன்களை வளர்ப்பதானால் அது எப்படியும் தேவைப்படும்.

குளிர் தாமதப்படுத்தும் அளவோடு நின்றுவிடும். உங்கள் தொட்டியை முழுவதுமாக நிறுத்தியது இரண்டாவது காரணம். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்வது தண்ணீரிலுள்ள பைகார்பனேட், அதாவது சோதனைப் பெட்டியில் கே.எச். என்று போட்டிருக்கும் காரத்தன்மை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு கிராமுக்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மை செலவாகிறது. நீங்கள் ஒவ்வொரு முறை 2 பி.பி.எம். அம்மோனியா ஊற்றும்போதும், அது முழுதாக மாறினால், லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம் காரத்தன்மை குறைகிறது. ஒரு சொட்டில் நிறம் மாறுகிறது என்றால் உங்கள் தண்ணீரின் இருப்பே லிட்டருக்கு 18 மில்லிகிராம் அளவுதான். இரண்டாம் முறை ஊற்றும்போதே இருப்பு தீர்ந்து, பி.எச். சரிந்துவிடும். பி.எச். 6.5க்குக் கீழே இந்த உயிர்களின் வேலை தளரும்; 6க்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். சுண்ணாம்பு அதிகமில்லாத பாறைகளின் மேல் பெய்த மழைநீர் விரைவாக ஊற்றாக வெளிவரும் மலைப்பகுதிகளில் தண்ணீர் இப்படி மென்மையாக இருப்பது இயல்பு. குடிக்கவும் துணி துவைக்கவும் அருமையான தண்ணீர். சைக்கிளிங் முடியும்வரை மட்டும் அதற்குத் துணை வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. தொட்டியில் மீன் இல்லை என்பதால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம், சமையல் சோடாவைத் தனியே கரைத்து ஊற்றுங்கள். காரத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவுக்கு உயரும். நீண்ட காலத்துக்கு, நன்றாகக் கழுவிய கிளிஞ்சல்களை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால், தண்ணீர் புளிக்கும்போதெல்லாம் அவை மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். வாரம் ஒருமுறை கே.எச். அளந்து வாருங்கள். ஹீட்டரும் சோடாவும் சேர்ந்தபின் தொட்டி அசைந்துகொடுக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதே நிலையில் தொட்டிக்குள் மீன் இருந்திருந்தால் சோடாவை இப்படி ஊற்றக் கூடாது. புளித்த தண்ணீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும், பி.எச். திடீரென்று ஏறினால் அதில் ஒரு பங்கு நஞ்சான அம்மோனியாவாக மாறி, ஒரே நாளில் மீன்களை மாய்த்துவிடும். மீன் உள்ள தொட்டியில் முதலில் சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, பிறகே காரத்தன்மையை நாள்கணக்கில் உயர்த்த வேண்டும்.

கேள்வி: போர் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முதல் வாரமே நைட்ரேட் 40 காட்டுகிறது. நைட்ரேட் வந்துவிட்டால் சைக்கிளிங் முடிந்தது என்று எங்கோ படித்தேன். மீன் விடலாமா?
— வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: விடாதீர்கள். தொட்டியைச் சோதிப்பதற்கு முன் போரிலிருந்து நேரே பிடித்த தண்ணீரைச் சோதியுங்கள். அதிலும் 40 காட்டினால் உங்கள் தொட்டி எதையும் உண்டாக்கவில்லை, நிலத்தடியிலிருந்தே அது வந்திருக்கிறது என்று பொருள். உரமிட்ட நிலங்களையும் கழிவுநீர்க் குழிகளையும் ஒட்டிய கிணறுகளில் நைட்ரேட் ஏறுவது பல ஊர்களில் காணப்படுவது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் ஏற்கலாம் என்பது ஐ.எஸ். 10500 வகுத்த எல்லை. ஆகவே அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கும் பயன்படுத்தினால், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முக்கியமாக, ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மீன் தொட்டிக்கு அதில் காவிரித் தண்ணீரைப் பாதி கலந்துகொள்வது நல்லது. நைட்ரேட் இருப்பது போதாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

உங்கள் பகுதித் தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகருக்கும் சேர்வராயன் அடிவாரத்துக்கும் இடையே மாக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கரடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சூழ்ந்த பாறைகளிடையே ஊறிவரும் தண்ணீர் மக்னீசியம் மிகுந்த கடினநீராக இருப்பதில் வியப்பில்லை. ஏற்காட்டு வாசகருக்கு வந்த காரத்தன்மைக் குறைவு உங்களுக்கு வராது. பாக்டீரியா நன்றாக வளரும். மாறாக, பி.எச். 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு கடுமையாகும். 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் அது ஆறு, ஏழு பங்காகிவிடும். சோதனைப் பெட்டி காட்டும் அதே 0.5 பி.பி.எம்., மலையில் மீன் தாங்கக்கூடியது. உங்கள் வீட்டில் அதற்குத் தீங்கு செய்யக்கூடியது. மோலி, கப்பி, பிளாட்டி ஆகியவை கடினநீரை விரும்பும் மீன்கள் என்பதால், தொட்டி தயாரானபின் அவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்துவிட்டது. முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பலாமா?
— வாசகி, ஆத்தூர்

பதில்: வேண்டாம். அது அழுகும் பொருளைத் தின்று விரைவாகப் பெருகும் வேறு வகைப் பாக்டீரியாக்களின் கூட்டம். சில நாளில் தானாகவே அடங்கும். கழுவாத சரளையின் தூசியாக இருந்தால் ஓரிரு நாளில் படிந்துவிடும். தீனியைப் போட்டிருந்தால் நிறுத்துங்கள், காற்று நன்றாக ஓடட்டும். வெளுப்பு தெளிவதைச் சைக்கிளிங் முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் அறியாமல் மகளின் பிறந்தநாளுக்கு மூன்று தங்க மீன்கள் வாங்கி விட்டுவிட்டோம். பத்து நாள் ஆயிற்று. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. திருப்பிக் கொடுக்க அவள் விடமாட்டேன் என்கிறாள். காப்பாற்ற வழியுண்டா?
— வாசகர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: உண்டு, இன்றே தொடங்குங்கள். முதலில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை, குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே வெப்பமுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். ஒரு நாள் காத்திருக்க நேரமில்லை என்றால் மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்துங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். ஏர் பம்பு நிற்காமல் ஓட வேண்டும். இரண்டு நாள் தீனியே போடாதீர்கள். தங்க மீன் பல நாள் பட்டினி தாங்கும். தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். உங்கள் மகளுக்கு மிகவும் கடினமான பகுதி இதுவாகத்தான் இருக்கும். சோதனை செய்து நோட்டில் எழுதும் வேலையை அவளிடம் கொடுங்கள். குழந்தைகள் அதை ஆசையாகச் செய்வார்கள்.

பத்து நாள் ஆகிவிட்டதால் நைட்ரைட்டும் தொடங்கியிருக்கலாம். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அந்த வேலைக்கு உதவாததாக மாற்றிவிடுகிறது. இரத்தமும் செவுளும் பழுப்பேறும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மேலே வந்து திணறுவதற்கு இதுவும் காரணம். நைட்ரைட் புகும் அதே வழியில்தான் உப்பிலுள்ள குளோரைடும் புகுகிறது. குளோரைடு மிகுந்திருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் போதும். தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய பங்குக்கு உரிய உப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பி.பி.எம்.மைத் தொடும் ஒவ்வொரு நாளும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். போர் தண்ணீராக இருந்தால் 0.25லேயே மாற்றுங்கள். தினமும் மாற்றினால் பாக்டீரியா போய்விடுமே என்று அஞ்சாதீர்கள். அவை ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டியிருப்பவை. ஃபில்டரை மட்டும் கழுவாமல் விடுங்கள். இந்த உழைப்பு ஒரு மாதமோ அதற்கு மேலோ நீளும். மூன்று தங்க மீன்கள் வளர்ந்தால் இரண்டடித் தொட்டி அவற்றுக்குப் போதாது என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் அன்றே மீன் விடலாம் என்கிறார்களே?
— வாசகர், ஓமலூர்

பதில்: நல்ல சரக்கு காத்திருப்பைக் குறைக்கும் என்பது உண்மை, அன்றே மீன் விடலாம் என்பதை நம்பி மீனின் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். இந்த உயிர்கள் காய்ந்து பொடியாகத் தூங்கும் விதைகளை உண்டாக்குவதில்லை. சித்திரை வெயிலில் கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பாட்டிலில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள், குளிர்பெட்டியில் வைத்து விற்பதையே வாங்குங்கள், ஊற்றியபின் 2 பி.பி.எம். அம்மோனியா கொடுத்து முன்சொன்ன 24 மணிச் சோதனையைச் செய்யுங்கள். சோதனையில் தேறினால் விடலாம்.

கேள்வி: எங்கள் தொட்டி ஆறு வாரத்தில் சோதனையில் தேறிவிட்டது. முதலில் எத்தனை மீன் விடலாம்? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் நிற்கும் நாளில் என்ன செய்வது?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முறையாகக் காத்திருந்து சோதித்ததற்கு உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். நீங்கள் கொடுத்துவந்த 2 பி.பி.எம். அம்மோனியா, ஒரு சில சிறு மீன்களின் ஒரு நாள் கழிவைவிட அதிகம். ஆனாலும் 50 லிட்டரில் முதலில் ஐந்தாறு கப்பியோ பிளாட்டியோ விட்டு, இரண்டு வாரம் சென்று அடுத்த ஐந்தாறை விடுங்கள். சோதனை முடிந்த நாளுக்கும் மீன் வரும் நாளுக்கும் இடையே ஒரு வாரம் இடைவெளி விழுந்தால், அதுவரை அம்மோனியாக் கரைசலைத் தொடர்ந்து சிறிது கொடுத்துவாருங்கள். உணவில்லாவிட்டால் வளர்த்த உயிர்கள் குறைந்துபோகும். கடையிலிருந்து கொண்டுவரும் பையிலுள்ள தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல், மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.

மின்தடை நாளில் கவலைப்பட வேண்டியது மீனுக்காக மட்டுமல்ல. இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது. கோடையில் தண்ணீர் சூடேறும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் குறைந்துவிடும். மூடிய பெட்டி வகை ஃபில்டருக்குள் ஓட்டம் நின்றால், உள்ளே தேங்கிய தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்து, எட்டு மணி நேரத்தில் அவற்றில் ஒரு பகுதி மடியக்கூடும்; மின்சாரம் வந்ததும் அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் பாயும். ஆகவே காலையிலேயே ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் திறந்தவெளியில் போட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பு வாங்கிவைத்துக்கொண்டால் ஸ்பாஞ்சு ஃபில்டர் நிற்காமலே ஓடும். அன்று தீனி போட வேண்டாம்.

ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டு ஓட்டம் குறையும்போது குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள். குளோரின் நீங்காத தண்ணீர் ஆறு வார உழைப்பில் பெரும்பகுதியை ஒரு நிமிடத்தில் போக்கிவிடும். தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து அதிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வையுங்கள். இரண்டு ஸ்பாஞ்சு இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் தொட வேண்டாம். முதல் மீன்கள் வந்த இரண்டு வாரத்துக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். இரண்டில் ஒன்று தலைகாட்டினாலும் தீனியைப் பாதியாக்கி, கால் பங்குத் தண்ணீரை மாற்றி, இரண்டும் மறையும்வரை அடுத்த தொகுதி மீன்களை வாங்காமல் இருங்கள்.